ஒரு டாலருக்கு இருபதாயிரம்: அமெரிக்க செனட்டின் இரு தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

குடியரசுக் கட்சித் தலைவர் மாண்புமிகு ஜான் தூன் அவர்களுக்கும், ஜனநாயகக் கட்சித் தலைவர் மாண்புமிகு சக் ஷூமர் அவர்களுக்கும்,

வணக்கம். நவம்பரில் மக்களை மார்க்கெட்பிளேஸ் (சொந்தமாக மருத்துவக் காப்பீடு வாங்குவோருக்கான சந்தை) காப்பீட்டில் பதிவு செய்துவிட்டு, ஏப்ரலில் அதே மக்களுக்கு அந்த மானியத்தைக் கணக்குப் பார்க்கும் 8962 வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பவர்கள் எழுதுகிறோம். மடல் தமிழில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் உங்களுக்கு வந்து குவிந்த மடல்களுக்கு என்ன பலன் என்பதைப் பார்த்துவிட்டோம். மொழி ஒரு குறையாக இருக்கும் என்று தோன்றவில்லை.

2025 டிசம்பர் 11 அன்று நடந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காப்பீட்டு மானியம் பற்றி ஆளுக்கொரு மசோதா. இரண்டுக்கும் ஆதரவு 51, எதிர்ப்பு 48. அறுபது கிடைக்காததால் இரண்டும் விழுந்தன. இருபது நாள் கழித்து, 2021 முதல் கிடைத்துவந்த கூடுதல் மானியம் காலாவதியானது. 43 நாள் அரசாங்கத்தை மூடி வைத்தது இதற்காகத்தான் என்றீர்கள். ஜனவரி 8 அன்று கீழவை, 17 குடியரசுக் கட்சியினரின் ஆதரவோடு, 230க்கு 196 என்று மூன்றாண்டு நீட்டிப்பை நிறைவேற்றியது. கீழவையால் முடிந்தது உங்களால் முடியவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வருமானம் வறுமைக்கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டியதும் மானியம் அடியோடு நிற்கும்படி வெட்டி வைத்திருக்கும் பள்ளத்தை மூடுங்கள். மற்ற சண்டைகளை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பள்ளத்தின் அளவைச் சொல்கிறோம். இருவருமே அறுபது வயதான ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் வர இன்னும் ஐந்து வருடம். அவர்கள் ஊரில் மானியத்துக்கு அளவுகோலாக வைக்கும் நடுத்தரக் காப்பீடான சில்வர் பிளான் ஆளுக்கு மாதம் 1,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுக்கு இது மிகையான விலை இல்லை. இருவருக்கும் ஆண்டுக்கு 28,800. இரண்டு பேர் குடும்பத்துக்கு 2026-இன் 400 சதவீத எல்லை 84,600 டாலர். வருமானம் சரியாக அந்தக் கோட்டில் நின்றால், அதில் 9.96 சதவீதம், அதாவது 8,426 டாலர் அவர்கள் பங்கு. மீதி 20,374 டாலர் மானியம். வருமானம் 84,601 ஆனால் மானியம் பூஜ்யம். ஒரு டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு இருபதாயிரத்துச் சொச்சம் அபராதம். போன வருடம் வரை 85,000 டாலர் வருமானக்காரர் 8.5 சதவீதம், அதாவது 7,225 டாலர் கட்டினார். இந்த வருடம் அவருக்கு முழு விலை. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு காப்பீட்டுக்கே போகிறது.

அந்த ஒரு டாலர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எங்கள் மேஜையில் தினமும் நடக்கும் கூத்து. 84,200 வரும் என்று மதிப்பிட்டு விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் மியூச்சுவல் ஃபண்ட் தானாகவே 460 டாலர் மூலதன ஆதாயத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. யாரும் கேட்கவில்லை, யாராலும் தடுக்கவும் முடியாது. கணக்கு 84,660 ஆகிறது. வருடம் முழுக்க காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்பணமாகப் போன 20,414 டாலரையும் 2027 ஏப்ரல் 15-க்குள் வரியோடு சேர்த்துத் திருப்பிக் கட்ட வேண்டும். அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியில் வரியில்லாத பகுதி, நகராட்சிக் கடன் பத்திரமான முனிசிபல் பாண்டின் வரியில்லாத வட்டி, இவையும் இந்தக் கணக்கில் சேரும். வரி கிடையாது என்று சொல்லிக் கொடுத்த பணமே காலை வாரிவிடுகிறது. பள்ளம் இருந்த பழைய வருடங்களின் 8962 படிவத்தில் ஐந்தாவது வரியில் வருமானம் வறுமைக்கோட்டில் எத்தனை சதவீதம் என்று எழுதுவோம், 400-ஐத் தாண்டினால் 401. ஆறாவது வரி கேட்கும்: மேலே 401 என்று எழுதினீர்களா? அந்தக் கேள்வியைப் படித்துக் காட்டும்போது எதிரே இருப்பவர் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

தப்ப வழியே இல்லையா என்றால், உண்டு. உழைத்துச் சம்பாதித்த வருமானம் இருந்தால், ஏப்ரல் 15 வரை ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான பழைய வகை ஐஆர்ஏ-வில் பணம் போட்டு வருமானத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கலாம். ஐம்பது வயது கடந்தவருக்கு 2026-இல் 8,600 டாலர் வரை வரம்பு. பென்ஷனில் வாழ்பவருக்கு இந்தக் கதவு அடைப்பு. பிரீமியம் குறைந்த பிரோன்ஸ் பிளான் எடுத்தவர், மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கான எச்எஸ்ஏ-வில் குடும்பத்துக்கு 8,750 வரை போடலாம், ஆனால் பிரோன்ஸில் பெரிய வியாதி வந்தால் கையிலிருந்து 21,200 வரை போகக்கூடும். விவரம் தெரிந்த கணக்கர் வாய்த்தவர் தப்பிக்கிறார், வாய்க்காதவர் விழுகிறார். இதற்குப் பெயர் சுகாதாரக் கொள்கையா?

இன்னொன்று. மானியம் பெறுபவர் ஒரு மாதம் பிரீமியம் தவறினால் மூன்று மாத அவகாசம் உண்டு. மானியம் இழந்தவருக்கு மாநிலச் சட்டம் தருவதுதான், பல இடங்களில் ஒரு மாதம். பில் இரண்டு மூன்று மடங்கான அதே ஆளுக்குத்தான் அவகாசமும் குறைகிறது. கோட்டுக்குக் கீழே நிற்பவருக்காவது முன்பு ஒரு பாதுகாப்பு இருந்தது. 300 முதல் 400 சதவீதத்துக்குள் இருக்கும் தம்பதி, மதிப்பீடு தவறினால் 2025-க்கு அதிகபட்சம் 3,250 டாலர் திருப்பிக் கட்டினால் போதும். 2026 வரி ஆண்டு முதல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டீர்கள்.

இருபத்தைந்து வயதுக்காரருக்கு இந்தப் பள்ளமே தெரியாது. அவருடைய பிரீமியம் பல ஊர்களில் 9.96 சதவீதத்தை எட்டாது, எனவே அந்த வருமானத்தில் இழக்க மானியமும் இருக்காது. அறுபது வயதுக்கு விலை 21 வயதைப் போல 2.7 மடங்கு. விழுகிறவர்கள் 55-க்கும் 64-க்கும் இடையில் இருக்கும் விவசாயிகள், சிறு கடைக்காரர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள். இவர்கள் உங்களில் யாருடைய வாக்காளர்கள் என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

திரு. தூன் அவர்களே, உங்கள் தரப்பு வைத்த மாற்று, ஐம்பது கடந்தவருக்கு எச்எஸ்ஏ-வில் ஆண்டுக்கு 1,500 டாலர். தம்பதிக்கு 3,000. அதையும் பிரீமியத்துக்குப் பயன்படுத்தக் கூடாதாம். போனது இருபதாயிரம். எங்கள் ஊரில் இதை யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். மோசடி நடக்கிறது என்கிறீர்கள், உண்மைதான். ஆளுக்கே தெரியாமல் பதிவு செய்து கமிஷன் வாங்கிய புரோக்கர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் பிரீமியமே கட்ட வேண்டியிராத, வறுமைக்கோட்டின் 150 சதவீதத்துக்குக் கீழே நடந்தது. பில் வராததால் யாரும் கவனிக்கவில்லை. மாதம் 5 டாலராவது கட்டச் சொல்லுங்கள், ஆளின் சம்மதத்தை இரண்டு முறை சரிபாருங்கள். 400-இல் நிற்பவரை அதற்காகத் தண்டிப்பது என்ன நியாயம்?

திரு. ஷூமர் அவர்களே, 2021-இலும் 2022-இலும் இந்த மானியத்துக்குக் காலாவதித் தேதி போட்டவர்கள் உங்கள் கட்சியினர். நிரந்தரமாக வைத்தால் செலவுக் கணக்கு பெரிதாகத் தெரியும் என்பது காரணம். காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் 2025-இல் சொன்ன எண் பத்தாண்டுக்குச் சுமார் 35,000 கோடி டாலர். இப்போது நீங்கள் கேட்பதும் மூன்றாண்டு நீட்டிப்பு. இன்னொரு தேதி, இன்னொரு டிசம்பர். எதிர்க்கட்சிக்கு இது நல்ல பிரசாரம்தான். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் காப்பீடு கேட்டு வருகிறார்கள்.

இரு கட்சியும் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் எங்களுக்கு இல்லை. 2009-இல் ஒபாமாகேர் சட்டத்துக்காக செனட் நிதிக் குழுவின் ஆறு பேர் மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் அந்தச் சட்டம் குடியரசுக் கட்சியின் ஒரு வாக்கும் இல்லாமல் நிறைவேறியது. 2017-இல் குடியரசுக் கட்சி செனட்டர் அலெக்சாண்டரும் ஜனநாயகக் கட்சி செனட்டர் மர்ரேயும் கட்சிக்குப் பன்னிரண்டு பேர் கையெழுத்தோடு கொண்டுவந்த மசோதா, வாக்கெடுப்பைக்கூடப் பார்க்கவில்லை. இரு கட்சிக்கும் செல்லப்பிள்ளையான குழந்தைகள் காப்பீடு, சிப், அதே வருடம் செப்டம்பர் 30 முதல் 114 நாள் நீண்டகால நிதி இல்லாமல் கிடந்தது. சேர்ந்து செய்த நல்ல காரியம் என்றால், எதிர்பாராத மருத்துவ பில்லைத் தடுத்த 2020 சட்டம். அதிலும் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேர்ந்தது, தெருவில் ஓடும் ஆம்புலன்ஸ் விடுபட்டது. எத்தனை பேர் மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரில் போகிறார்கள்? யாருக்கும் வலிக்காத அளவுக்குத்தான் உங்கள் ஒற்றுமை நீளும் போலிருக்கிறது. இப்போது கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போகிறதா என்ற பழைய வழக்கையும் இதற்குள் இழுத்துவிட்டீர்கள். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க 2010 சட்டத்திலேயே விதி இருக்கிறது. போதாது என்றால் அதைத் தனியாக விவாதியுங்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம். முழு மானியமும் திரும்ப வரவேண்டும் என்றுகூட இந்த மடல் கேட்கவில்லை. 400-ஐத் தாண்டினால் ஒரேயடியாக விழாமல், வருமானம் ஏற ஏற மானியம் படிப்படியாக இறங்கட்டும். திருப்பிக் கட்டும் தொகைக்குப் பழைய உச்சவரம்பைத் திரும்ப வையுங்கள். இரண்டு பக்கத்தில் அடங்கும் மசோதா. காலாவதித் தேதி மட்டும் வேண்டாம்.

2027-க்கான கட்டணங்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் கோடையிலேயே தாக்கல் செய்துவிடும். ஹெல்த்கேர்.கவ் தளத்தில் பதிவுக் காலமும் இனி டிசம்பர் 15-உடன் முடிகிறது. கோடைக்கு முன் வாக்கெடுப்புக்கு விடும்படி இருவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மார்க்கெட்பிளேஸ் பதிவு உதவியாளர்களும் வரிக் கணக்கர்களும்