தம்பிக்கு, கும்பகோணத்துலேர்ந்து அம்மா

தம்பிக்கு,

எல்லாரும் சாப்பிட்டீங்களா. வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ வேகமா ஓட்டித்தான் கேப்பன்னு மருமக சொல்லுச்சு, அதனால டைப் பண்றேன், பொறுமையா படி.

வீட்டு வேலை நல்லபடியா நடக்குது. ஆடியில கை வைக்க வேணாம்னு ஆவணி பொறந்துதான் ஆரம்பிச்சோம், ஐப்பசி மழைக்கு முன்னாடி தளம் முடிஞ்சாகணும். கூடத்துல ஒழுகின இடத்துக்கு மேல தட்டோட்ட பேத்து பாத்தா, சுவத்துக்குள்ள சொருகியிருந்த தேக்கங்கட்டையோட முனை மட்டும் பொடிப்பொடியா கொட்டுது, மீதி கட்டையில ஆணி இறங்க மாட்டேங்குது, அவ்ளோ உறுதி. பாக்க வந்தவங்க எல்லாம் இடிச்சுட்டு காங்கிரீட் போடுங்க சார்னுதான் சொன்னாங்க. அப்பா ஒத்துக்கல, அவர் புடிவாதம் உனக்கு தெரியாதா. பழைய மாதிரியேதான் பண்றாங்க, கட்டைக்கு மேல செங்கல்ல சாய்ச்சு நிறுத்தி சுண்ணாம்புல கட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, சித்தாள் பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரக்கட்டையால அடிக்கிறாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணிய தெளிச்சு தெளிச்சு அடிக்கணும், கட்டை பதியாம கைய தூக்கி விடுற அளவுக்கு இறுகுற வரைக்கும் விடக்கூடாதாம். அப்பா ஒரு ஸ்டூல போட்டு உக்காந்து கண்ண எடுக்காம பாக்குறாரு. வெயில்ல உக்காராதீங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் சொன்னா கேக்கறதில்ல.

பாத்ரூம் படிய எடுத்து சமமாக்கியாச்சு, கைப்பிடி கம்பி வெச்சாச்சு, வழுக்காத டைல்ஸ். கிச்சனுக்கு கப்போர்டு வேலை மட்டும் நிறுத்திட்டேன். எனக்கு பழைய அலமாரியே போதும், அவசரம் ஒண்ணும் இல்ல. தளத்துக்கும் பாத்ரூமுக்கும் எங்க ரெண்டு பேரு பென்ஷனே போதுது. அதனால இந்த மாசம் நீ பணம் அனுப்ப வேணாம், அடுத்த மாசமும் வேணாம். போன மாசம் அனுப்பினது பேங்க்ல அப்படியே கிடக்கு, நான் தொடல.

இந்த இடிக்கிற சத்தத்துல என் ரெக்கார்டிங்குதான் திண்டாட்டம், காலைல நாலு மணிக்கே எழுந்து படிச்சு முடிச்சிடுறேன். கண் தெரியாத பொண்ணு ஒண்ணு, டீச்சர் வேலைக்கு டிஆர்பி பரீட்சைக்கு படிக்குதுன்னு சொன்னேன்ல. பரீட்சையில நானே கூட உக்காந்து எழுதிக்குடுக்கலாம்னு ஆசைப்பட்டேன், ஆனா சொந்தமா ஆள் கூட்டிட்டு போனா அவங்க படிப்பு பரீட்சை எழுதுறவங்கள விட கம்மியா இருக்கணும்னு ஒன்றிய அரசு விதி போட்டிருக்கு, எனக்கு எம்.ஏ. இருக்கறதால முடியாது. மணிக்கு 20 நிமிஷமாவது கூடுதலா குடுக்கணும்னும் அதுலயே இருக்கு, அது நியாயம். போன் இப்ப எழுத்த தானா படிச்சு காட்டும், ஆனா பழைய இலக்கண புஸ்தகத்த போட்டோ புடிச்ச மாதிரி ஏத்தி வெச்சிருக்காங்க, அத போன் சரியா படிக்க மாட்டேங்குது. அதைத்தான் நான் படிச்சு பேசி அனுப்புறேன். சூத்திரத்த ரெண்டு தரம் படிக்கணும், உரையில மேற்கோள் வந்தா கொஞ்சம் நிறுத்தி குரல மாத்திக்கணும், பக்கம் மாறினா நம்பர் சொல்லணும், இல்லன்னா அது எங்கேர்ந்து எடுத்து எழுதும் பாவம். முப்பது வருஷம் வகுப்புல கத்தினதுக்கு இப்பத்தான் ஒரு நல்ல மாணவி கிடைச்சிருக்கா.

போன வாரம் அந்த பொண்ணு, டீச்சர் உங்களுக்கு மனசு சரியில்லையா, படிக்கறப்போ வாக்கியக் கடைசி தேஞ்சு போகுதேன்னு கேட்டுச்சு. ஒண்ணுமில்ல தூசின்னு சொன்னேன். அது நம்பல. குரல மட்டும் வெச்சு அவ்ளோ தெரியுது தம்பி. எனக்கும் தெரியுது.

நீ முன்னெல்லாம் சனி ஞாயிறுதான் கூப்பிடுவ, அதுவும் அஞ்சு நிமிஷம், மீட்டிங் இருக்கும்மான்னு வெச்சிடுவ. இப்ப செவ்வாய் புதன்னு இங்க ராத்திரி எட்டரைக்கு கூப்பிடுற, அங்க காலைல பதினோரு மணி, பக்கத்துல பாப்பாவோட கார்ட்டூன் சத்தம் கேக்குது, நீயும் நிதானமா பேசுற. பேசுறது எனக்கு சந்தோஷம்தான், குறையா சொல்லல. மருமகதான் முகமே காட்ட மாட்டேங்குது, வேலையா இருக்குன்னு சொல்ற.

கீழ வீட்டு அத்தை பேரன் ஞாபகம் இருக்கா, உன்ன மாதிரி அமெரிக்காவுல, டல்லாஸ்ல இருந்தானே. அங்க வேலை போனா 60 நாளுக்குள்ள வேற கம்பெனி விசா பாக்கணுமாமே. அந்தப் புள்ள வீட்ல மூச்சு விடல, யாரோ சொல்லித்தான் அவங்க அம்மாவுக்கு தெரிஞ்சுது. வேலை போனதுக்கு அவங்க அழுவல, நம்மகிட்ட சொல்லாம இருந்துட்டானேன்னுதான் அழுதாங்க. அப்புறம் ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருந்தான், இப்ப பெங்களூர்ல நல்ல வேலையில இருக்கான், அவங்கம்மா பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லி பெருமைப்படுறாங்க. என்கிட்டயும் உன்ன பத்தி கேப்பாங்க, என் புள்ள சின்ன வயசுலேர்ந்து எதையும் அம்மாகிட்ட மறைக்க மாட்டான்னு நானும் சொல்லிட்டு வந்தேன். சொல்லலாம்ல?

அப்பாகிட்ட நான் எதுவும் பேசல. அவரும் என்கிட்ட எதுவும் கேக்கல, ஆனா 2016 மகாமகத்தப்போ சொந்தக்காரங்க எல்லாம் படுத்துக்கிட்டாங்களே அந்த மாடி ரூம், அத வேலை லிஸ்ட்ல அவரா சேத்திருக்காரு. 2028 மகாமகத்துக்கு பாத்துக்கலாம்னு முன்னாடி தள்ளிப்போட்டவர், இப்ப முதல்ல மாடிய முடிங்கன்னு கொத்தனார்கிட்ட சொல்றாரு. ஏன்னு கேட்டேன், புள்ளைங்க வந்தா வேணும்லன்னாரு, அவ்ளோதான்.

நேரத்துக்கு சாப்பிடு. ராத்திரி முழிக்காத. பாப்பாவுக்கு எண்ணெய் வெச்சு விட சொல்லு. பணம் அனுப்பாத, திரும்பவும் சொல்றேன்.

எலக்ட்ரீசியன் வெள்ளிக்கிழமை சுவத்த வெட்ட வர்றான். மாடில கம்ப்யூட்டர் வெச்சு வேலை பாக்க எத்தனை பாயின்ட் வேணும், டேபிள் ஜன்னல் பக்கமா போடணுமா, ஏசிக்கு தனியா லைன் இழுக்கணுமான்னு நீதான் சொல்லணும். பூசினதுக்கு அப்புறம் வெட்டினா அசிங்கமா இருக்கும், வியாழக்கிழமைக்குள்ள கூப்பிடு.

அம்மா