ஹெங்சுனில் ஒரு மாலை வேண்டும்: பயண ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

1995-இல் சிங்கப்பூர்ப் பட்டாளத்தில் பயிற்சிக்காகத் தைவான் போனோமே, அதன் முப்பதாம் ஆண்டு நினைவாகப் போகும் பயணத்தின் நிகழ்ச்சி நிரல் போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு தடவை படித்தேன். நான்தான் ஏதோ வரியை விட்டுவிட்டேனோ என்று மனைவியிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எதையும் விடவில்லை. நான்கு இரவும் காவ்சியுங் நகர ஹோட்டலில். மூன்றாம் நாள், நாம் பயிற்சி செய்த தென்கோடி ஊரான ஹெங்சுன்: "தெற்கு வாசலில் புகைப்படம், 20 நிமிடம்." மாலை ஆறரைக்கு மறுபடியும் காவ்சியுங்கில் பஃபே.

போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நிற்க இருபது நிமிடம். பட்டாளத்தில்கூட நம்மை இப்படி ஓட்டியதில்லை ஐயா.

நான் கேட்பது ஒன்றுதான். மூன்றாம் நாள் மாலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். பக்கத்திலிருக்கும் கென்டிங் இரவுச் சந்தைத் தெருவில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, ராத்திரி அங்கேயே எங்காவது படுத்துவிட்டு, காலையில் வந்து சேர்ந்துகொள்கிறோம்.

1995-இல் அங்கே எப்படி இருந்தோம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிரலைப் பார்த்தால் மறந்துவிட்டீர்களோ என்று சந்தேகம் வருகிறது. அந்த லோ ஷான் ஃபெங் நினைவிருக்கிறதா? மலையை விட்டு இறங்கி வருகிற காற்று. அக்டோபரில் பிடித்தால் வசந்தம் வரை விடாது. குழி வெட்டினால் வெட்டிய மண் நம் முகத்துக்கே திரும்பி வரும். நான் சிக்னலர், முதுகில் வயர்லெஸ் செட், தோளில் ஈரம், காதில் இரைச்சல். பொட்டல ரேஷனைப் பிரித்தால் உள்ளே இருப்பது பசையா சோறா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அன்று இரவு இரண்டு மணிக்கு மழையும் சேர்ந்துகொண்டது. விரல் மரத்துப்போய், செட்டின் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்க முடியாமல் முழங்கையால் அமுக்கினேன். எனக்கு அப்போது இருபது வயது. அழுதேனா என்று கேட்காதீர்கள்.

அந்த நேரத்தில்தான் அந்த நீல நிறச் சின்ன லாரி வந்தது. நாம் எங்கே இருக்கிறோம் என்று நம் அதிகாரிகளுக்கே வரைபடத்தில் ஐந்து நிமிடம் ஆகும். அதை ஓட்டி வந்த ஆ மாவுக்கு, அதாவது பாட்டிக்கு, எப்படித்தான் தெரிந்ததோ, நேராக நம் மரத்தடிக்கே வந்து விளக்கை அணைத்தார். பட்டாளம் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்து விற்கிறவர்களை அந்த ஊரில் 'சின்னத் தேனீ' என்பார்கள். சியாவ் மி ஃபெங். பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரை போட வேண்டும். நம் என்சிக், அதாவது வாரண்ட் அதிகாரி, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் வானத்தையே ஆராய்ந்தாரே, அந்தக் கருணையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஒரு கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக் பையை விரித்து, அதில் நூடுல்ஸைப் போட்டு, கொதிக்கக் கொதிக்க சூப்பை ஊற்றி, வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவார். அப்புறம் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இன்னொரு பைக்குள் வைத்துக் கையில் கொடுப்பார். முப்பது தைவான் வெள்ளி. நம் காசுக்கு இரண்டு வெள்ளிகூட இல்லை. வாங்கினவுடனே நான் சாப்பிடவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, பையை நெஞ்சோடு வைத்து, மேலே சட்டையை மூடிக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். விரல் திரும்பி வந்த பிறகுதான் ரப்பர் பேண்டை அவிழ்க்கவே முடிந்தது.

எனக்கு மாட்டிறைச்சி ஆகாது. பட்டாளத்தில் கற்ற அரைகுறை ஹொக்கியன் சீனத்தில் "போ கூ-பா", மாட்டிறைச்சி இல்லாமல், என்றேன். புரியாமல் போய்விடுமோ என்று தலையில் இரண்டு விரலால் கொம்பு வைத்து வேண்டாம் என்றும் காட்டினேன். ஆ மா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் ராத்திரி வந்தபோது, வரிசையில் நான் நான்காவது ஆள். என்னைப் பார்த்ததும் அவரே தலையில் கொம்பு வைத்துக் காட்டி, முட்டை உடைத்து ஊற்றிய பையைத் தனியாக எடுத்து நீட்டினார். பயிற்சி முடியும்வரை அப்படித்தான்.

இதை எந்த பஃபேயில் வைப்பீர்கள்?

தெருச் சாப்பாடு என்றதும் குழுவிலிருந்து வந்த பதில் இது: "சுத்தமாக இருக்குமா? வயிறு கெட்டால் யார் பொறுப்பு?" இதை எழுதியவர் அன்று சேற்றுக் கையோடு இரண்டு பை குடித்துவிட்டு, என் பையிலும் பங்கு கேட்டவர். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியும். கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் எனக்கும்தான் இருக்கிறது. மாத்திரையை எடுத்துக்கொண்டுதான் வருவேன்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். டி-ஷர்ட்டின் நிறத்துக்கு மூன்று வாக்கெடுப்பு நடந்தது. கோல்ஃப் மைதானத்துக்கு அரை நாள் ஒதுக்கியாகிவிட்டது. நம்மில் எத்தனை பேர் கோல்ஃப் ஆடுகிறோம்? சைவம் சாப்பிடும் நண்பர், பௌத்தச் சின்னமான ஸ்வஸ்திகா போட்ட சைவக் கடையைத் தேடி அந்த ஊரையே சுற்றினாரே, அவருக்கு ஹோட்டலில் "சாலட் உண்டு" என்று ஒரு வரி. தைவானில், அதுவும் சைவக்காரருக்கு, சாலட்! பரோட்டா தட்டுகிற மாதிரியே இரண்டு பக்கமும் அடித்து உதிர்த்துத் தருவார்களே, அந்த வெங்காயத்தாள் ரொட்டி, சோங் யோ பிங், அதற்கு நிரலில் அரை வரிகூட இல்லை. இதற்குத் தலைக்கு வாங்கும் பணத்தைப் பற்றி நான் பேசவே இல்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். மன்னிக்கவும். உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். விமானச் சீட்டு, ஹோட்டல், பேருந்து என்று முப்பது பேருக்கு ஓடுவது லேசான வேலை இல்லை. ஆகவே பணிவோடுதான் கேட்கிறேன்: பஃபேக்கு வர விரும்புகிறவர்கள் பேருந்தில் திரும்பட்டும். மூன்றாம் நாள் மாலையை மட்டும் மற்றவர்களுக்கு விடுங்கள். அறை, வண்டிச் செலவு எங்களுடையது. சாப்பிடாத பஃபேக்கும் பணம் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். இதுவரை என்னோடு ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஹோட்டலுக்கு எண்ணிக்கை சொல்லும் முன் ஒரு வரி பதில் போட்டால் போதும்.

ஆ மா இப்போது இருப்பாரோ இல்லையோ. இருந்தால் நான் தலையில் கொம்பு வைத்துக் காட்ட வேண்டும். அதற்கு இருபது நிமிடம் போதாது.

அன்புடன்,
உங்கள் பழைய சிக்னலர்