முன் சக்கரத்துக்கும் ஒரு பிரேக்

கன்னங்குறிச்சி, சேலம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. மலைப் பாதையில் ஓட்ட நீ வாங்கி வைத்துவிட்டுப் போன, காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டருக்குப் பின் சக்கரத்தில் ஒரு நல்ல பிரேக் இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தாய். உன்னைக் கேட்காமலேயே முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் பொருத்திவிட்டேன். காரணத்தை இப்போதே எழுதிவிட்டால், பொங்கலுக்கு வரும்போது நாம் வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை.

முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்பது உன் பயம். இறக்கத்தில் ஒரேயடியாக அழுத்தினால் அப்படி நடக்கத்தான் செய்யும். ஆனால் இறங்கும்போது உன் எடை முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பிரேக் பிடிக்கப் பிடிக்க இன்னும் சாய்கிறது. சுமை குறைந்த பின் சக்கரமோ சுழல்வதை நிறுத்திவிட்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. போன தடவை காப்பித் தோட்டத்துச் சருகின் மேல் நீ சறுக்கி முழங்கையைக் கிழித்துக்கொண்டது பின் பிரேக்கை மட்டும் நம்பியதால்தான். முட்டியை மடக்கி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முன் லீவரை இரண்டு விரலால் மெல்ல மெல்ல அழுத்தப் பழகிக்கொள்.

ரிம்மைப் பிடிக்கும் கட்டை பிரேக்கை முன்னால் வைக்காததற்குக் காரணம் சேறு. ஈரச் செம்மண் ரிம்மில் ஒட்டினால் பிரேக் பிடிக்காது. மண்ணில் இருக்கும் மணல் ரிம்மையும் அரைத்துவிடும். டிஸ்க் அச்சுக்கு அருகில் இருப்பதால் அவ்வளவு சேறு படுவதில்லை. 160 மில்லிமீட்டர் டிஸ்க்கே போட்டிருக்கிறேன். உன் சக்கரம் 16 அங்குலம்தான் என்பதால், அதே டிஸ்க் பெரிய சைக்கிள் சக்கரத்தில் பிடிப்பதை விட இதில் அழுத்தமாகவே பிடிக்கும்.

வேலை வாங்கியது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்தான். பழைய ஃபோர்க் அலுமினியம். அதன் மேல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத் தாங்கும் பட்டையை வெல்டிங் செய்து தருவதாகப் பட்டறைப் பையன் சொன்னான், நான் ஒப்புக்கொள்ளவில்லை. பதப்படுத்திய அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் பலம் இழந்துவிடும். டிஸ்க் பிரேக்கின் இழுப்பு முழுவதும் ஃபோர்க்கின் அந்த ஒரு காலில்தான் விழும். ஆகவே தடித்த இரும்புக் குழாயில் வேறு ஃபோர்க் செய்து, இடது காலின் பின்புறம் 51 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்ட பட்டையைப் பற்றவைத்தேன். முதல் முறை சூட்டில் பட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் சீறியது. அறுத்தெடுத்து, இந்த முறை அச்சையும் டிஸ்க்கையும் மாட்டி வைத்துக்கொண்டே பற்றவைத்தேன். மீந்த வித்தியாசத்துக்கு மெல்லிய வாஷர் கொடுத்தேன். முப்பது வருடம் லேத்தில் நின்றவனுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான். உன் அம்மாவிடம் சொல்லாதே.

சக்கரத்தை நெம்பித் திறக்கும் அச்சை எடுத்துவிட்டு நட்டு போட்டிருக்கிறேன். காலிப்பர் பின்னால் இருப்பதால், பிரேக் பிடிக்கும் விசை அச்சைக் கீழே பிடுங்கப் பார்க்கும்.

பின்னால், ரிம்மை இரு பக்கமும் கட்டையால் கவ்வும் வி பிரேக் போதும். ஆனால் நீ மாட்டி வைத்திருந்த லீவர் பழைய சைக்கிளுடையது. வி பிரேக்குக்கு ஒயரை நிறைய இழுக்கும் லீவர் வேண்டும். பழைய லீவர் குறைவாக இழுப்பதால், கட்டை ரிம்மைத் தொட்டுக் கடிப்பதற்குள் லீவர் கைப்பிடியை முட்டிவிடும். அதை மாற்றிவிட்டேன். ஒயரை மிதிபலகைக்கு அடியில் விட்டால் கல் அடிக்கும் என்பதால் பக்கவாட்டில் கொண்டுபோயிருக்கிறேன். முன் பிரேக் நம் ஊர் வழக்கப்படி வலது கையில்.

இவ்வளவும் தோட்டப் பாதைக்குத்தான், கண்ணு. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இதில் இறங்கிவரலாம் என்று நினைக்காதே. 1,515 மீட்டர் உயரத்து ஏற்காட்டிலிருந்து சேலம் வரை ஏறத்தாழ 1,200 மீட்டர் இறக்கம். வண்டியோடு சேர்த்து 80 கிலோ என்றால், காற்று தின்றது போக மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் இறங்க வேண்டும். மொத்தக் கணக்கு சுமார் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. கையகலத் தகடு அதைத் தாங்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பஸ்ஸும் லாரியும் வரும் சாலை என்பது வேறு.

புது டிஸ்க்கும் புதுக் கட்டையும் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. வந்தவுடன் மலைக்கு ஓடாமல், நம் தெருவிலேயே வேகமெடுத்து, நிற்கும் அளவுக்குக் குறைத்து, இருபது முறையாவது பழக்கிவிட்டுப் போகலாம். டிஸ்க்கை விரலால் தொடாதே. எண்ணெய்ப் பசை பட்டால் பிடிப்பு போய்விடும். காலிப்பரின் படம் அனுப்புகிறேன். அந்த வடிவத்துக்குப் பொருந்தும் பிரேக் கட்டை இரண்டு ஜோடி அங்கேயே வாங்கி வா. நான் கேட்ட கடைகளில் இல்லை.

அன்புடன்,
அப்பா