போன் எடுக்காததுக்கு காரணம் இதுதான் மாப்ள

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க. உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதிலும் போடல போனும் எடுக்கலன்னு கோவத்துல இருப்ப. ரெண்டு தடவை உன் கால் வந்துச்சு, உன் பேர பாத்துக்கிட்டே இருந்தேன், எடுக்கல. வேலையில மாட்டிக்கிட்டேன்னு சொல்லலாம், ஆனா அது பொய். எடுக்க பயமா இருந்துச்சு. அது ஏன்னு சொல்லத்தான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி.

முதல்ல வீட்டு சேதி. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப பைபிள அவங்களே எடுத்து படிக்கிறாங்க. இவ்ளோ நாளா ராத்திரி நான்தான் வாசிச்சு காட்டுவேன், இப்ப அந்த நேரம் கையில இருந்து போன மாதிரி இருக்கு, சந்தோஷமும் ஒரு வெறுமையும் சேந்து வருது. சின்னவ பரீட்சைக்கு படிக்கிறா. உனக்கு முழங்கால் போட முடியலன்னு எழுதியிருந்த, அதுக்கு ஏன் கவலைப்படுற, சேர்ல உக்காந்தே ஜெபம் பண்ணுடா.

நீ எழுதுனதுல ஒரு வரி என்னைய ரொம்ப உறுத்துச்சு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதன் அன்னைக்கு பெருசா தீர்மானம் எடுத்தேன் ரெண்டாவது வாரமே விட்டுட்டேன் இனி இந்த வருஷ தவக்காலம் அவ்ளோதான்னு எழுதியிருந்தியே, அப்படி கைய விட்டுறாத. 6ஆம் நூற்றாண்டுல புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதி வச்ச ஒழுங்குல 49ஆவது அதிகாரம் முழுக்க தவக்காலத்த பத்திதான். துறவியோட வாழ்க்கை எப்பவுமே தவக்காலம் மாதிரி இருக்கணும், ஆனா அந்த பலம் கொஞ்ச பேருக்குத்தான் இருக்கு, அதனால இந்த நாள்லயாவது சுத்தமா வாழப் பாருங்கன்னு சொல்றாரு. முழுநேரமும் சாமிக்குன்னு போனவங்களுக்கே அந்த பலம் இல்லன்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காரு, நீயும் நானும் ரெண்டாவது வாரத்துல விழுந்தா அது ஒன்னும் அதிசயமில்ல. நாள் இன்னும் மிச்சம் இருக்குடா.

அதே அதிகாரத்துல இன்னொன்னும் இருக்கு. யார் எந்த நோன்பு எடுத்தாலும் மடத்து தலைவர்கிட்ட சொல்லிட்டு அவர் ஆசியோடதான் செய்யணும், சொல்லாம செஞ்சா அது வீண் பெருமைல போய் சேந்துரும்ங்கிறாரு. எனக்கு முதல்ல இது இடிச்சுது, ஏன்னா மத்தேயு 6ல ஆண்டவர் வலது கை செய்றது இடது கைக்கு தெரியக்கூடாதுன்னு சொல்றாரே. யோசிச்சு பாத்தா ரெண்டும் ஒன்னுதான். ஊருக்கு காட்ட செய்யாத, ஆனா நீயே உனக்கு நீதிபதியா உக்காந்துக்கவும் செய்யாத, யாராச்சும் ஒருத்தருக்கு தெரியட்டும். எனக்கு மடத்து தலைவர் இல்ல, நீதான் இருக்க. அதனால சொல்றேன்.

இந்த வருஷம் நான் சாப்பாட்டுல எதையும் விடல, சபை சொல்ற சாம்பல் புதன் புனித வெள்ளி நோன்ப தவிர. பக்கத்துல இல்லாத ஒருத்தர பத்தி தப்பா பேசுறதில்லன்னு முடிவெடுத்தேன். லேசா இருக்கும்னு நெனச்சேன், எனக்கே என்னைய பத்தி ஒரு நல்ல எண்ணம் இருந்துச்சு, நான் ஒன்னும் புறணி பேசுற ஆள் இல்லையேன்னு. மூணே நாள்ல தெரிஞ்சு போச்சு. ஆபீஸ்ல பேச்சு, கோவில் வாசல்ல பேச்சு, வீட்ல வீட்டுக்காரிகிட்ட பேச்சு, எங்க தொட்டாலும் யாரோ ஒருத்தர் தலை உருளுது. வாய மூடிட்டேன்னு வை, பேச ஒன்னுமே இல்லாம நிக்கிறேன்.

அப்பதான் உன் கால் வந்துச்சு. நெனச்சு பாரு, நாம போன்ல என்ன பேசுவோம்? உடம்பு எப்படி, பிள்ளைங்க எப்படி, அஞ்சு நிமிஷம். அப்புறம் ‘அவன் சேதி கேள்விப்பட்டியா’ன்னு நீ ஆரம்பிப்ப இல்ல நான் ஆரம்பிப்பேன், அதுக்கப்புறம் முக்கா மணி நேரம் அவன்தான். எட்டு வருஷமா இதையேதான் பண்றோம். மூணு பேரும் சேந்து ஆரம்பிச்ச தொழில பாதியில விட்டுட்டு போனான், கடன் உன் தலையிலயும் என் தலையிலயும் விழுந்துச்சு, அது உண்மை, ஒரு வார்த்தை கூட நாம ஜோடிச்சு சொல்லல. ஆனா உன்னைய எனக்கு நெருக்கமா வச்சிருக்கிறதே அவன் மேல இருக்கிற கோவம்தானோன்னு ஒரு பயம் வந்துருச்சுடா. அத எடுத்துட்டா நமக்குள்ள என்ன மிச்சம் இருக்கும்னு தெரியாமத்தான் போன கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

உண்மையத்தான சொல்றோம்னு நானும் ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கிட்டேன். திருச்சபையோட மறைக்கல்வி நூல எடுத்து 2477ஆவது எண்ண பாரு, இத மூணா பிரிச்சு வச்சிருக்காங்க. போதுமான ஆதாரம் இல்லாம ஒருத்தன் தப்பு பண்ணிட்டான்னு மனசுக்குள்ளயே நம்புறது ஒன்னு, தகுந்த காரணம் இல்லாம ஒருத்தனோட குறைய தெரியாதவங்ககிட்ட போய் சொல்றது ரெண்டாவது, பொய்ய சொல்லி பேர கெடுக்கிறது மூணாவது. அந்த ரெண்டாவத கவனி, அதுல சொல்றது நெசமாவே அவன்கிட்ட இருக்கிற குறைதான், அப்பவும் பாவம். ஏன்னா ஒருத்தனோட நல்ல பேர் அவனுக்கு சொந்தமான சொத்து. சின்ன வயசுல நாலு முக்கிய நற்பண்புன்னு விவேகம் நீதி திடம் தன்னடக்கம்னு மனப்பாடம் பண்ணோமே, நீதின்னா அவங்கவங்களுக்கு உரியத அவங்கவங்களுக்கு கொடுக்கிறது. புறணி பேசுறது அன்புக்கு விரோதம்னு மட்டும்தான் இவ்ளோ நாள் நெனச்சிருந்தேன், அது நீதிக்கும் விரோதம்னு இப்பதான் உறைக்குது. அவன் நமக்கு காசு தரணும் சரி, நாம அவன் பேர எத்தன பேர்கிட்ட எடுத்து செலவு பண்ணியிருக்கோம்? அந்த கணக்க நாம எழுதவே இல்லையே.

அதுக்காக எல்லாத்தையும் மூடி மறைக்கணும்னு சொல்லல. நாளைக்கே யாராவது அவன்கூட கூட்டு சேர போறேன்னு வந்து கேட்டா நடந்தத நடந்தபடி சொல்லுவேன், சொல்லாம இருந்தாத்தான் தப்பு. ஆனா முக்கா மணி நேரம் சொல்ல மாட்டேன்.

செஞ்ச பாவத்த சாமியார்கிட்ட சொல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு போனேன். கோவப்பட்டேன் சாமி, ஒருத்தர பத்தி தப்பா பேசினேன்னு சொன்னேன். சாமியார் உடனே கேட்டாரு, நீங்க தப்பா பேசுனவர பத்தி நல்லதா ஏதாவது தெரியுமா உங்களுக்குன்னு. தெரியும்னேன். அப்ப யார் யார்கிட்ட குறை சொன்னீங்களோ அவங்ககிட்ட அந்த நல்லதையும் போய் சொல்லுங்க, அதான் உங்களுக்கு பரிகாரம்னாரு. முப்பது அருள் நிறை மந்திரம் சொல்ல சொல்லியிருந்தா வீட்டுக்கு வர்ற வழியிலயே முடிச்சிருப்பேன், இது ரெண்டு வாரமா தொண்டையிலயே நிக்குது. ஏன்னா நான் அதிகமா சொன்னது உன்கிட்டதான்.

சொல்றேன் கேளு. அப்பா ஐசியூல இருந்தப்ப மூணு ராத்திரி என்கூட ஆஸ்பத்திரி வராண்டாவுல தரையில படுத்து கிடந்தது அவன்தான். நீ வெளியூர்ல இருந்த, உனக்கு தெரியாது. ரத்தம் வேணும்னு சொன்னப்ப என்கிட்ட கேக்காமலே போய் கொடுத்துட்டு வந்து பேசாம உக்காந்துக்கிட்டான். தொழில் உடைஞ்சதுக்கு அப்புறம் இத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்ட கூட. சொன்னா கோவம் கொறஞ்சிரும்னு பயந்துதான் சொல்லல போல.

387ல அந்தியோக்கியா நகரத்துல நடந்தது உனக்கு தெரியுமா? வரி போட்டாங்கன்னு ஜனங்க ஆத்திரத்துல ரோமப் பேரரசர் தியோடோசியுஸோட சிலைகளையும் அவர் குடும்பத்து சிலைகளையும் தள்ளி உடைச்சிட்டாங்க. கோவம் தணிஞ்சதும் ஊருக்கே நடுக்கம், எல்லாரையும் கொன்னுருவாங்களோன்னு. வயசான ஆயர் பிளாவியன் பேரரசர்கிட்ட மன்னிப்பு கேக்க கான்ஸ்டான்டினோப்பிளுக்கு கெளம்பி போயிட்டாரு, ஊர்ல இருந்தது அப்ப குருவா இருந்த யோவான் கிறிசோஸ்தோம். அது தவக்காலம். மன்னிப்பு வருமா சாவு வருமான்னு தெரியாம உக்காந்திருந்த ஜனங்களுக்கு அவர் பிரசங்கம் வச்சுக்கிட்டே இருந்தாரு, அதுல ஒருநாள் சொன்னது, பறவையையும் மீனையும் சாப்பிடாம விட்டுட்டு சகோதரன கடிச்சு தின்னா அந்த நோன்பால என்ன பிரயோஜனம்னு. கடைசில மன்னிப்பு கெடைச்சிருச்சு. தனக்கு மன்னிப்பு வரணும்னு வழி பாத்து உக்காந்திருக்கிறவங்ககிட்ட போய் இத சொல்லியிருக்காரேன்னு படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சுடா. பாஸ்காவுக்கு, அதான் ஈஸ்டருக்கு, காத்திருக்கிற நாமளும் அப்படித்தான உக்காந்திருக்கோம்.

நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சிராத, போன வாரம் கூட சறுக்கிட்டேன், ஒரு உறவுக்காரர பத்தி. வீட்டுக்காரிதான் மெதுவா கைய தொட்டு ஞாபகப்படுத்துனா. சாம்பல் புதன்ல இருந்து புனித சனி வரைக்கும் எண்ணுனா 46 நாள், ஆறு ஞாயித்துக்கிழமைய கழிச்சாத்தான் 40 வரும், அப்ப ஞாயிறு அன்னைக்கு நோன்பு கெடையாதுல்லன்னு சின்னவ கேட்டா. சாப்பாட்டுக்கு அது சரி, நாக்குக்கு ஒத்து வராதும்மான்னேன். கிழக்கு சபைகள்ல தவக்காலம் முழுக்க சொல்ற ஒரு ஜெபம் இருக்கு, புனித எப்ரேம் பேர்ல வர்றது, அதோட கடைசில என் குற்றத்த நான் பாக்கவும் என் சகோதரன தீர்ப்பிடாம இருக்கவும் வரம் தாரும்னு வரும். காலையில அத ஒருதரம் சொல்லிட்டுத்தான் வெளிய போறேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வர்ற குருத்து ஞாயிறுக்கு முன்னாடி அவன போய் பாக்கலாம்னு இருக்கேன். காணிக்கைய பீடத்துல வச்சிட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு பைபிள்ல இருக்குல்ல, அத படிச்சிட்டு படிச்சிட்டு பக்கத்த திருப்பினது போதும். கடன பத்தி எடுக்க போறதில்ல. அப்பாவுக்கு ரத்தம் கொடுத்ததுக்கு இத்தன வருஷமா ஒரு நன்றி சொன்னதில்ல, அத சொல்லிட்டு வருவேன். அவன் கதவ சாத்துனாலும் பரவால்ல. நீ வர்றதா இருந்தா சேந்தே போவோம், உன் நஷ்டம் என்னோடத விட பெருசு, அதனால கட்டாயப்படுத்த மாட்டேன், உனக்கு நேரம் வேணும்னா எடுத்துக்கோ.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நானே கால் பண்றேன். அவன பத்தி பேச வேணாம்டா. உன் மூட்டு வலிய பத்தி சொல்லு, பெரியவன் வேலை விஷயம் என்னாச்சுன்னு சொல்லு, எட்டு வருஷமா நான் கேக்காமயே விட்டது நெறைய இருக்கும்ல.

அம்மா உன்னைய கேட்டாங்க. வீட்ல எல்லாருக்கும் என் அன்ப சொல்லு.

உன் மாப்ள