பழைய கோடாலிகளுக்குப் பிடி போட்ட ஓராண்டு: செயலாளர் அறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்தும் கோத்தகிரிப் பக்கமிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றை வாசிக்கிறேன்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நடக்கும் பட்டறைக் கூட்டம் பத்து முறை நடந்தது. நவம்பரிலும் டிசம்பரிலும் மழை விடவில்லை. புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு 38 பழைய கோடாலிகள் நம் கைக்கு வந்தன. பாதிக்கு மேல் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியவை. சில உறுப்பினர்கள் வீட்டுப் பரணிலிருந்து வந்தன. நான்கு மட்டும் எஸ்டேட்டுகளில் கிடந்த சீமைக் கோடாலிகள். 27 கோடாலிகள் பிடி போட்டு மறுபடி விறகு பிளக்கப் போய்விட்டன.

மீதி 11 என்னவாயின என்பதுதான் முக்கியம். மூன்றில், பிடி நுழையும் துளையை ஒட்டி விரிசல். மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் பூசினால், விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து வந்து கோடு போட்டுக் காட்டிவிடும். இந்தச் சோதனை முடியாமல் எந்தக் கோடாலிக்கும் இனி பிடி போடுவதில்லை. வீசும்போது துளை பிளந்தால் எதிரே நிற்பவரின் உயிருக்கு ஆபத்து.

மற்ற எட்டும் தீயில் கெட்டவை. உடைந்த பிடியின் துண்டு உள்ளே மாட்டிக்கொண்டால் அடுப்பில் போட்டு எரித்து எடுப்பது நம் ஊரில் பழகிப்போன வழி. உலையில் காய்ச்சி, தோய்ச்சல் போட்டு (அதாவது சூட்டோடு அமிழ்த்திச் சட்டென்று குளிரவைத்து), அப்புறம் அளவாகச் சூடு காட்டித்தான் கொல்லர் கோடாலியின் வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, உறுதி கொண்டுவருகிறார். அடுப்பு நெருப்பு அந்த உறுதியை அழித்துவிடுகிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நாலு வெட்டு வெட்டியதும் வாய் மடங்கும். நம் மூத்த கொல்லர் ஐயா இரண்டுக்கு மறுபடி தோய்ச்சல் போட்டுப் பார்க்கிறார். துண்டு மாட்டினால் துளைப்பானால் நாலைந்து ஓட்டை போட்டு, இரும்புக் கம்பி வைத்துத் தட்டுங்கள். பத்து நிமிட வேலை.

கிரைண்டரும் அடுப்புக்குத் தம்பிதான். இதில் என் தவறைச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டிலிருந்து வந்ததில் ஒன்றில் எல்வெல் என்ற கம்பெனியின் முத்திரை இருந்தது, இங்கிலாந்தின் வெட்னஸ்பரியில் அடித்தது. ஜூலைக் கூட்டத்தில் அவசரப்பட்டு அதை உலர் கல்லில் பிடித்தேன். உருக்கு 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் காட்டும், 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் ஏறினால் வாயின் உறுதி போய்விட்டது என்று அர்த்தம். ஒரு முனையில் நீலம் ஓடியதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அந்தப் பகுதி முழுவதையும் அரத்தால் ராவி எடுத்தோம், நல்ல உருக்கு வீணாகப் போயிற்று. அன்றே தீர்மானம் போட்டோம்: வாய்க்கு அரமும் தண்ணீர் விட்ட சாணைக்கல்லும் மட்டுமே.

அதே கோடாலியை வினிகரில் ஊறவைத்தபோது கற்றது மறக்க முடியாதது. மறுநாள் துரு கழன்ற இடத்தில் வாயை ஒட்டி வளைவாக ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு முன்னால் கருமை, பின்னால் வெளிர் சாம்பல். உருக்கு விலை உயர்ந்திருந்த காலத்தில் உடம்பை மெல்லிரும்பில் செய்து, வாய்க்கு மட்டும் உருக்கு வைத்து உலையில் அடித்து ஒட்டுவார்கள் என்று கொல்லர் ஐயா விளக்கினார். வாய்க்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அந்தக் கோடாலியின் மிச்ச ஆயுள். எல்வெல்லுக்கு இரண்டு விரற்கடை மிச்சம்.

வினிகரில் ஊறிய இரும்பைச் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் மறுபடி துரு ஏறும். புளிக்கரைசலும் வேலை செய்தது, கொஞ்சம் மெதுவாக. பளபளவென்று தேய்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கருத்துப்போன இரும்பில்தான் முத்திரை நன்றாகத் தெரிகிறது.

சரி, பிடிக்கு வருவோம். இனத்தைக் கெடுப்பவனைக் கோடாலிக் காம்பு என்று திட்டுகிறோம். நல்ல காம்பு ஒன்றைச் செதுக்கிப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் திட்டில் மனம் ஒப்பவில்லை. வெக்காலியும் சடச்சியும் நமக்குக் கைகொடுத்தன. அடியை வாங்கிக்கொண்டு வளைந்து நிமிரும் மரங்கள். அறுத்ததைவிடப் பிளந்த கட்டை மேல், ரேகை அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடும். அக்டோபரில் சரியாகக் காயாத கட்டையில் போட்ட ஐந்து பிடிகளும் மாசிக்குள் ஆடத் தொடங்கிவிட்டன. இரண்டு பேர் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்கினார்கள். ஊறிய மரம் துளைக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்தது. ஐந்தையும் கழற்றி, காய்ந்த கட்டையில் புதிதாகப் போட்டு ஆப்பு அடித்தோம்.

விறகு பிளப்பவர் ஒருவருக்கு நாம் வழக்கமான நீளத்தில் பிடி போட்டுக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் திரும்பி வந்து, தோள் வலிக்கிறது என்றார். அவருடைய பழைய பிடி நாலு விரல் குட்டையாக இருந்திருக்கிறது. அதை நாம் எறிந்துவிட்டிருந்தோம். இப்போதெல்லாம் பழைய பிடி எவ்வளவு உடைந்திருந்தாலும் முதலில் அட்டையில் வைத்து வரைந்துகொள்கிறோம்.

பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறோம். தேங்காயெண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பிப்ரவரியில் குப்பைக் கூடையிலிருந்து புகை வந்ததை நல்ல வேளை ஒரு உறுப்பினர் பார்த்தார். இனி அந்தத் துணிகளை விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பிய டப்பாவில் போட வேண்டும்.

வரும் ஆண்டுக்காக 40 கட்டைகள் பட்டறைக் கூரையடியில் நுனியில் மெழுகு பூசி அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் பிளந்த தேதி சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கிறது. அடுத்த தைக்கு முன் யாரும் அதில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்