வாத்து விழாததற்குத் துப்பாக்கி மீது பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டிவி கேம்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், பழைய கேம் செட்டை இணைக்க ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினால், பொம்மைத் துப்பாக்கியால் திரையில் வாத்து சுடும் ‘டக் ஹன்ட்’டைப் புதிய எல்இடி டிவியிலும் விளையாடலாம் என்று எழுதியிருந்தது. பாதிதான் சரி. படம் வரும், வாத்து பறக்கும், நாய் தலையை நீட்டிச் சிரிக்கவும் செய்யும். ஒரு வாத்துகூட விழாது. இது தெரியாமல் நல்ல துப்பாக்கியைக் குப்பையில் போட்டுவிட்டு, இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

துப்பாக்கியிலிருந்து டிவிக்கு எதுவும் பாய்வதில்லை. குழாய்க்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தை உணரும் ஒரு சின்ன சென்சார். பார்ப்பது மட்டுமே அதன் வேலை. 1984-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட இந்த விளையாட்டில், ட்ரிகரை அழுத்தியதும் திரை முழுக்க ஒரு ஃபிரேம், அதாவது ஒரே ஒரு படம், கறுப்பாகும். அடுத்த ஃபிரேமில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். இரண்டு வாத்து என்றால் கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனி ஃபிரேமில் வரும். எப்போது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்துத்தான் எந்த வாத்து என்று தீர்மானமாகிறது. கறுப்பு ஃபிரேமிலேயே வெளிச்சம் தெரிந்தால் குறி தப்பியதாகக் கணக்கு. அதனால் குண்டு பல்பைக் குறிபார்த்து ஏமாற்ற முடியாது. கெட்டிக்கார ஏற்பாடு!

விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 17 மில்லி விநாடிகூட இல்லை. எல்இடி டிவியோ படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் சில ஃபிரேம் போய்விடும். கன்வெர்ட்டர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்தும். டிவி செட்டிங்கில் ‘கேம் மோட்’ போட்டால் தாமதம் குறையுமே தவிர வாத்து விழாது. ஏனென்றால் அசல் துப்பாக்கிக்குள் ஒரு ஃபில்டர் உண்டு. பழைய டிவியின் பிக்சர் டியூபில் படம் விநாடிக்குச் சுமார் 15,700 கோடுகளாக வரையப்படுகிறது. அந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தைத்தான் ஃபில்டர் ஏற்கும். எல்இடி டிவியில் திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டில் அந்தத் துடிப்பு கிடையாது.

கோளாறு எங்கே என்று பார்க்கத் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டியதில்லை. ட்ரிகரை அழுத்தும்போது திரை ஒரு கணம் கறுத்து, மூன்று தோட்டாக்களில் ஒன்று குறைகிறதா? குறைந்தால் ட்ரிகரும் அதன் ஒயரும் நன்றாக இருக்கின்றன. டியூப் டிவியிலும் வாத்து விழவில்லை என்றால் முதலில் லென்ஸைத் துடையுங்கள், பிறகு பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றுங்கள். திரை கறுக்கவே இல்லையா? பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சந்தேகம் ஒயர்: பெரும்பாலும் கைப்பிடிக்கு அடியில், மடிந்து மடிந்து அற்றுப்போயிருக்கும். அதுவும் இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்விட்சில் சால்டர் விட்டிருக்கும். இரண்டுமே சில்லறை வேலைதான்.

இதற்காகப் பழைய டிவி வாங்குவோர், பெட்டியில் ‘100 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். டியூப் டிவிதான் என்றாலும் படத்தைச் சேமித்து, இரட்டை வேகத்தில் வரையும், துப்பாக்கிக்கு ஒத்துவராது. வாங்கிய டிவியின் பின்மூடியைத் தாங்களே கழற்றவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எல்இடி திரையில்தான் சுட்டாக வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ‘சிண்டன்’ துப்பாக்கிக்குள் கேமரா இருக்கிறது. திரையைச் சுற்றிக் காட்டப்படும் வெள்ளை பார்டரைப் பார்த்து அது குறியைக் கணக்கிடும். ‘கன்4ஐஆர்’ முறையில் திரையைச் சுற்றி இன்ஃப்ராரெட் எல்இடிகளைப் பொருத்த வேண்டும். இரண்டும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கேம் செட்டைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) வழியாக விளையாடுவதற்கானவை. பரணில் கிடக்கும் பழைய கேம் செட்டில் செருக முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி