ஏழு கேள்விகள், ஒரு டோக்கன்

ஆசிரியருக்கு,

உசிலம்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்கு ஆறு மாதமாக வயிற்று உப்புசம். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தே காலத்தை ஓட்டினாள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சினைப்பைப் புற்றுநோய் என்றார்கள்.

காலண்டர் தாளின் பின்புறம் ஏழு கேள்விகள் எழுதிப் போயிருந்தாள். கர்ப்பப்பையையும் எடுப்பீர்களா? கீமோ ஆபரேஷனுக்கு முன்பா, பின்பா? மகளுக்கும் வருமா? இரண்டாவது கேள்வியிலேயே அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்கள். மருத்துவரைக் குறை சொல்லமாட்டேன்; வரிசை படிக்கட்டு வரை நின்றது.

ஆனால் மகளைப் பற்றிய கேள்வி வீண் பயமல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரக்கூடிய பிஆர்சிஏ (BRCA) என்ற மரபணு மாற்றம் இருந்தால் இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு இருப்பதுபோல இதற்கு நம்பகமான முன்பரிசோதனையும் கிடையாது. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரைத் தனி மேசையில், கேள்வி கேட்பதற்கென்றே உட்கார வைக்கக்கூடாதா?

– ஒரு வாசகி, திருமங்கலம்